நூற்பட்டியலில் நம் பெயர்கள்

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவில் இருந்த எங்கள் வீட்டின் புத்தக அலுமாரி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. கையிற் கொண்டுவர முடிந்தவை சொற்பம். அந்தச் சொற்பத்துக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. ஆசிரியராக இருந்த வாப்பா, அலுமாரியில் இருந்த நூல்களை அதிலே இலக்கமிட்டு எழுதி வைத்திருந்தார். நூலின் பெயர், எழுதியவரின் பெயர், சிலவற்றுக்கு மட்டும் ஆண்டு, ஓரத்தில் யாருக்கு இரவல் கொடுத்தது என்ற குறிப்பு. மொத்தம் 312 பதிவுகள். உடுதுணிகளுக்கு நடுவே அதை ஏன் வைத்தீர்கள் என்று உம்மாவிடம் பின்னொரு நாள் கேட்டேன். "இரவல் வாங்கினவங்க திருப்பித் தரவேணுமே" என்றார்.

ஒருவரும் திருப்பித் தரவில்லை. வாங்கியவர்களும் எங்களைப் போலவே வெறுங்கையோடு வந்தவர்கள். நூல்கள் போய்விட்டன, அவற்றின் பட்டியல் மட்டும் எஞ்சியது. அந்தக் கொப்பியை ஒழுங்கான ஒரு நூற்பட்டியலாக அச்சிட வேண்டும் என்ற ஆசையில் நான் இறங்கியபோது கற்றுக்கொண்டவையே இக்கட்டுரை. நான் கணினி படித்தவனல்லன். பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற மகளிடம் கேட்டும், பின்னர் நானே தேடி வாசித்தும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

பாமினியில் ஒரு தோல்வி

முதல் முயற்சி 2003இல். புத்தளத்தில் ஒரு தட்டச்சுக் கடையில், அக்காலத்தில் நம் சஞ்சிகைகள் பெரும்பாலானவற்றை அச்சேற்றிய பாமினி எழுத்துருவில், 312 பதிவுகளையும் அடித்துக்கொண்டோம். அகரவரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்ததும் வந்த வரிசையைப் பார்த்துக் கடைக்காரத் தம்பியும் நானும் திகைத்தோம். 'உ' முதலில் வந்தது. பிறகு 'க'. அதன் பின் 'த', 'ம'. இவற்றுக்கெல்லாம் பின்னாலே 'அ' வந்து நின்றது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. பாமினியில் நாம் காண்பது தமிழ் எழுத்தின் உருவம் மட்டுமே. கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'உ' என்பது அதற்குச் சிறிய 'சீ'. 'க' என்பது 'எஃப்', 'த' என்பது 'ஜே', 'ம' என்பது 'கே', 'அ' என்பது 'எம்'. கணினி ஆங்கில நெடுங்கணக்கைச் சரியாகவே பின்பற்றியிருந்தது. எங்கள் பட்டியல் தமிழிலேயே இருக்கவில்லை. தமிழ் வேடமிட்டு இருந்தது. அந்தப் பிரதியைக் கட்டி வைத்துவிட்டேன்.

பட்டியலிடுதல் நமக்குப் புதிதல்ல

ஒரு நூலை எங்கே கண்டோம், யாரிடமிருந்து பெற்றோம் என்று சொல்வதை மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஹதீஸ்கலை படித்தவர்களுக்கு அந்த மயக்கம் வராது. ஸனத் என்ற அறிவிப்பாளர் தொடர் இன்றி மத்ன் என்ற செய்திக்கு மதிப்பில்லை என்று வகுத்தவர்கள் நம் முன்னோர். ஒரே பெயரில் பல அறிவிப்பாளர்கள் இருந்தபோது, இவர் வேறு அவர் வேறு என்று பிரித்துக் காட்டவே கத்தீப் அல் பக்தாதி தனியாக ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்தது 1071இல்.

நூற்பட்டியலிலும் அப்படித்தான். பக்தாத் நகரில் நூல்களைப் பிரதி செய்து விற்கும் வர்ராக் ஆக இருந்த இப்னுந் நதீம், தாம் அறிந்த அரபு நூல்களுக்கெல்லாம் 'அல் பிஹ்ரிஸ்த்' என்ற பட்டியலைத் தொகுத்தார். ஹிஜ்ரி 377, அதாவது கி.பி. 987. பத்துப் பிரிவுகள் கொண்டது. ஒரு கவிஞரின் கவிதைகள் இத்தனை ஏடுகள் என்று சொல்லும்போது, பக்கத்துக்கு இருபது வரி கொண்ட ஏட்டையே தாம் கருதுவதாக முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். வாங்குபவன் ஏமாறக்கூடாது என்ற வியாபாரியின் நேர்மையும், அளவுகோலைச் சொல்லாமல் அளவைச் சொல்லக்கூடாது என்ற ஆய்வாளனின் நேர்மையும் ஒன்றாகி நிற்கும் இடம் அது. அவர் குறித்த நூல்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பல நூல்கள் ஒரு காலத்தில் இருந்தன என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

எந்தப் பெயரால் வரிசைப்படுத்துவது என்ற கேள்வியும் பழையதே. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான், தமது சரித்திர அகராதியை ஒவ்வொருவரின் சொந்தப் பெயரைக் கொண்டே வரிசைப்படுத்தினார். இமாம் கஸ்ஸாலியை அங்கே தேடுபவர் 'முஹம்மத்' என்ற பெயரின் கீழ்ப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இஸ்தான்பூலில் வாழ்ந்த ஹாஜி கலீபா என்ற காதிப் செலெபி, ஏறத்தாழ 14,500 நூல்களைத் தமது 'கஷ்புழ் ழுனூன்' என்ற பெருந்தொகுப்பில் அடுக்கியபோது, ஆசிரியர் பெயரை விட்டு நூலின் பெயரையே அகரவரிசைக்கு எடுத்துக்கொண்டார். பெயர் என்பது பட்டியல்காரனுக்கு எக்காலத்திலும் தலையிடிதான்.

இயந்திரம் கற்றுக்கொண்ட கதை

இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சிகளில் முன்னோடியானது, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் செய்த 'ரெஃபர்' என்ற சிறு நிரல். அதை விளக்கும் அவரது கட்டுரை 1978இல் வெளிவந்தது. ஆசிரியருக்கு 'ஏ', தலைப்புக்கு 'ரி', ஆண்டுக்கு 'டி' என்று ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் அடையாளம். எழுதுபவர் தமது கட்டுரையில் நூலைப் பற்றிய இரண்டொரு சொல்லைக் குறித்தால் போதும். நிரல் தரவுக் கோப்பைத் தேடி முழு விபரத்தையும் எடுத்து வைக்கும்.

அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இன்னொரு கதை நடந்தது. பேராசிரியர் டொனால்ட் கனூத் கணினி நிரலாக்கம் பற்றிய தமது பெருநூலின் இரண்டாம் பாகத்துக்குப் புதிய பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தார். பழைய பதிப்பு ஈய எழுத்துக்களால் கோக்கப்பட்டது. புதியதை ஒளியச்சில் கோத்து அனுப்பினார்கள். 1977 மார்ச் 30ஆம் திகதி கிடைத்த அந்த மாதிரிப் பக்கங்களின் அவலட்சணம் அவருக்குப் பொறுக்கவில்லை. தம் நூலைத் தாமே கோப்பதற்கென ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். விரைவில் முடியும் என்று நினைத்த வேலை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளை விழுங்கியது. அதுவே 'டெக்'. அதை அவர் எவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பணமில்லாத பல்கலைக்கழகங்களும் எங்களைப் போன்ற தனியாட்களும் அதைப் பயன்படுத்த முடிவது அந்தத் தாராளத்தினால்தான்.

டெக்கின் மேல் கட்டப்பட்டதே லெஸ்லி லாம்போர்ட் செய்த 'லேடெக்'. 1980களின் முற்பாதியில் உருவானது. அதற்குத் துணையாக நூற்பட்டியலைக் கவனிக்க ஓரன் பட்டாஷ்னிக் என்பவர் லாம்போர்டுடன் சேர்ந்து 1985இல் எழுதியது 'பிப்டெக்'. இதன் அமைப்புக்கு முன்மாதிரி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் உருவாக்கிய 'ஸ்கிரைப்' என்ற மென்பொருள்.

பிப்டெக் செய்யும் வேலையை ஓர் ஆசிரியரின் உவமையால் சொல்லலாம். பாடசாலையில் மாணவர் இடாப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சேர்வு இலக்கம். வகுப்பில், விளையாட்டில், பரீட்சையில் அந்த இலக்கத்தைச் சொன்னால் போதும். பிறந்த திகதியையும் தகப்பன் பெயரையும் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியதில்லை. அவ்வாறே ஒரு தரவுக் கோப்பில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறிச்சொல் கொடுத்து, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்ற விபரங்களை ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறோம். கட்டுரையில் குறிச்சொல்லை மட்டும் இடுகிறோம். லேடெக் முதல் ஓட்டத்தில் எந்தெந்தக் குறிச்சொற்கள் வந்தன என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துக்கொள்ளும். பிப்டெக் அதைப் படித்து, தேவையான நூல்களை மட்டும் பொறுக்கி, வரிசைப்படுத்திப் பட்டியலாக்கும். பின்னர் லேடெக்கை இரண்டு தடவை ஓட்டினால் உசாத்துணை இலக்கங்கள் தத்தம் இடத்தில் போய் அமரும்.

பட்டியலின் தோற்றத்தைத் தீர்மானிப்பது வேறொரு கோப்பு. ஆண்டு முன்னே வரவேண்டுமா, பின்னே வரவேண்டுமா, நூலின் பெயர் சாய்வெழுத்திலா என்பதெல்லாம் அங்கே. ஒரு பல்கலைக்கழகம் ஒரு முறையைக் கேட்டு, ஒரு சஞ்சிகை வேறு முறையைக் கேட்டால், அந்தக் கோப்பை மாற்றினால் போதும். நூலின் விபரம் வேறு, அது அணியும் உடை வேறு என்ற இந்தப் பிரிப்பே பிப்டெக்கின் பெரிய கொடை. ஆய்வேட்டின் கடைசிப் பத்து நாட்களைக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி திருத்துவதிலேயே கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

'இப்னு'வின் கீழே அல் குவாரிஸ்மி

சிக்கல் பெயரில் வந்தது. பிப்டெக் ஒரு மனிதரின் பெயரை நான்கு துண்டாகப் பார்க்கிறது. முதற்பெயர், குடும்பப் பெயர், இரண்டுக்கும் இடையே ஜெர்மானியரின் 'ஃபொன்' போன்ற முன்னொட்டு, கடைசியில் 'இளையவர்' போன்ற பின்னொட்டு. முன்னொட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆங்கிலத்தின் சிறிய எழுத்தில் தொடங்கும் சொல்லாக இருந்தால் அது முன்னொட்டு. ஐரோப்பியப் பெயர்களுக்கு இது பெரும்பாலும் சரிவரும்.

மகள் ஒரு பரீட்சை செய்து காட்டினாள். முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மியின் பெயரை, 'இப்னு'வையும் 'அல்'லையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்கி, நாம் வழக்கமாக எழுதும் ஒழுங்கில் கொடுத்தாள். 'இப்னு'வில் தொடங்கி 'அல்' வரை உள்ள அனைத்தையும் பிப்டெக் முன்னொட்டாக எடுத்துக்கொண்டது. நடுவில் நின்ற மூஸா என்ற தகப்பனாரும் முன்னொட்டாகிவிட்டார்! முன்னொட்டையும் சேர்த்து வரிசைப்படுத்தும் முறையில் அவர் ஆங்கில 'ஐ' எழுத்தின் கீழ்ப் போய் விழுந்தார். கணினியாளர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் 'அல்கோரிதம்' என்ற சொல் பிறந்ததே இவருடைய பெயரிலிருந்துதான். கனூத் தமது பெருநூலின் முதற் பாகத்தில் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1979இல் குவாரிஸ்ம் பிரதேசத்திலுள்ள ஊர்கெஞ்ச் நகரில் நடந்த ஓர் ஆய்வரங்குக்குப் போயும் வந்தார். சொல்லின் வேரைத் தேடி அவ்வளவு தூரம் போனவரின் மென்பொருளுக்குத் துணையாக வந்த நிரல், அந்தப் பெயரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறியது.

இதற்கு மாற்று வழிகள் உண்டு. காற்புள்ளி இட்டு எது வரிசைக்குரிய பெயர் என்று நாமே சொல்லலாம். இரட்டை அடைப்புக்குள் இட்டு முழுப்பெயரையும் பிரிக்காதே எனலாம். ஆனால் எது வரிசைக்குரிய பெயர் என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டுமே!

நம் பெயர்களைப் பாருங்கள். எம்.எம். உவைஸ் என்றால் 'உவைஸ்' அவருடைய சொந்தப் பெயர், குடும்பப் பெயரல்ல. மேல்நாட்டு மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணி 'உ'வில் வைக்கும்போது, தவறான காரணத்தால் சரியான இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அப்துல் அஸீஸ் என்ற பெயரை 'அப்துல்' முதற்பெயர், 'அஸீஸ்' குடும்பப் பெயர் என்று பிரித்தால் பொருளே கெட்டுவிடும். 'அப்துல்' என்று தனியே ஒரு மனிதர் இல்லை. முதலெழுத்துக்களும் அவ்வாறே. முதற்பெயரைச் சுருக்கச் சொன்னால் நிரல் முதல் எழுத்தை மட்டும் எடுக்கும். நமக்கு 'எம்' என்பதே ஓர் எழுத்தின் பெயர். அதைச் சுருக்கி 'எ' என்றால் அது எவருமல்லர்.

பழைய பிப்டெக்கில் தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்கிடுவது. யுனிகோட் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப். எட்டு முறையில் மூன்று பைட். முதல் எழுத்தை எடு என்றால் எழுத்தின் மூன்றில் ஒரு துண்டை வெட்டி எடுக்கும். வரிசையும் யுனிகோட் எண்களின் வரிசையாகவே வரும். அதில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்து நிற்கும். 'ஜ' எழுத்து 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவே நிற்கும். ஜமீல், ஷரீப், ஸலீம், ஹனிபா என்ற பெயர்களால் நிறைந்த எங்கள் கொப்பிக்கு இது சிறிய விடயமல்ல.

பட்டாஷ்னிக் 1988இல் 0.99 என்ற பதிப்பை வெளியிட்டார். 1.0 வந்ததும் இனி மாற்றமில்லை என்று நிறுத்திவிடுவது அவர் நோக்கம். அந்த 1.0 வரவேயில்லை. 2010இல் 0.99 இன் ஒரு சிறு திருத்தம் வந்தது, அவ்வளவே.

வரலாற்றாசிரியர் ஒருவரின் கைவண்ணம்

வழி வேறிடத்திலிருந்து திறந்தது. 2004இல் ஜொனாதன் கியூ வெளியிட்ட 'ஸீடெக்', யுனிகோட் எழுத்துக்களை நேரடியாக ஏற்கும் டெக் ஆக அமைந்தது. தமிழையும் அரபையும் ஒரே பக்கத்தில் கோப்பது அதன் பின் எளிதாயிற்று. 2006இல் ஃபிலிப் லேமன் 'பிப்லேடெக்' என்ற பொதியைத் தொடங்கினார். அதன் முதல் முழுப் பதிப்பு 2010இல் வந்தது. அதற்கென்று தரவைப் படித்து வரிசைப்படுத்தும் புதிய நிரலாக 'பீபர்' எழுதப்பட்டது. எழுதியவர்கள் ஃபிரான்சுவா ஷாரெட், ஃபிலிப் கைம் என்ற இருவர்.

ஷாரெட் யார் என்று தேடியபோது எனக்கு வியப்பு. அவர் இஸ்லாமிய விஞ்ஞான வரலாற்றாசிரியர். 14ஆம் நூற்றாண்டில் எகிப்திலும் சிரியாவிலும் செய்யப்பட்ட வானியல் கருவிகள் பற்றி, நஜ்முத்தீன் அல் மிஸ்ரியின் ஏட்டை முன்வைத்து, 2003இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டவர். ஸீடெக்கில் அரபு எழுத்தைக் கோக்கும் பொதியொன்றையும் எழுதியவர். இப்னுக்களும் அல்களும் நிறைந்த உசாத்துணைப் பட்டியலோடு தாமே மல்லுக்கட்டியிருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன்.

பீபர் முழு யுனிகோட்டையும் படிக்கும். இன்ன மொழியின் ஒழுங்கில் அடுக்கு என்று சொன்னால் தமிழ் அகரவரிசையிலும் அடுக்கும். பெயரின் இந்தப் பகுதி முன்னொட்டு, இது பெயர் என்று சொல்லிக் கொடுக்கவும், அச்சில் ஒரு வடிவமும் வரிசைக்கு வேறொரு வடிவமும் கொடுக்கவும் இடமுண்டு. ஒரே பெயர் கொண்ட இருவர் பட்டியலில் இருந்தால், தலைப்பெழுத்தைச் சேர்த்து இருவரையும் தானாகவே வேறுபடுத்தும். கத்தீப் அல் பக்தாதி ஒரு நூல் எழுதிச் செய்த வேலையில் ஒரு துளியை ஒரு கட்டளை செய்கிறது. ஆனால் 'அஸீஸ்', 'அசீஸ்', 'அஸிஸ்' என்று மூன்று விதமாக எழுதப்பட்டவர் ஒருவரா மூவரா என்பதை எந்த நிரலும் சொல்லாது. அதற்கு அந்த மனிதர்களை அறிந்தவர்கள் வேண்டும்.

எச்சரிக்கைகள்

எல்லாப் பதிவுகளையும் கோப்பில் ஏற்றி முதன்முதலில் பிப்டெக்கை ஓட்டிய இரவை மறக்க முடியாது. திரையில் எச்சரிக்கைகள் வரிவரியாக ஓடின. இந்த நூலுக்கு ஆண்டு இல்லை. அந்த நூலுக்குப் பதிப்பகம் இல்லை. மகளுக்கு அது வழக்கமான தொல்லை. எனக்கோ ஒருவர் எங்கள் இழப்பை உரத்து வாசிப்பது போலிருந்தது. நூல் கையில் இருந்தால் முகப்பைத் திருப்பிப் பார்த்து எழுதிவிடலாம். அலுமாரிதான் இல்லையே!

பலவற்றை நிரப்ப முடிந்தது. ஏ.எம்.ஏ. அஸீஸின் 'இலங்கையில் இஸ்லாம்' போன்றவற்றுக்கு வாப்பா எழுதாத ஆண்டை, 1963 என்று நூலகத்தில் கண்டு சேர்த்தோம். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் சில சிறு வெளியீடுகள் அகப்பட்டன. எஞ்சியவை எங்கும் அகப்படவில்லை. ஊர்ப் பாடசாலை மலர்கள், மௌலிதுப் பிரதிகள், ஒரு புலவர் தம் செலவில் அச்சிட்ட கும்மி. கொப்பியைத் தவிர வேறு சாட்சி இல்லாதவை.

அவற்றுக்கு 'ஆண்டு இல்லை' என்று போடலாம் என்றாள் மகள். நான் மறுத்தேன். நூலில் ஆண்டு அச்சிடப்படவில்லை என்பது ஒன்று. நூலையே நாம் காணவில்லை என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே சுருக்கத்தில் எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒவ்வொரு பதிவிலும் குறிப்பு என்று ஓர் இடம் உண்டு. அங்கே, கண்டவர் யார், எந்தக் கொப்பியின் எத்தனையாவது இலக்கம், நாம் நேரில் பார்க்கவில்லை என்று எழுதினோம். ஒரு சிறிய ஸனத். வாப்பா அதை ஒப்புக்கொண்டிருப்பார்.

இரவல் குறிப்புகளையும் விடவில்லை. அவற்றை அச்சில் வராத இன்னொரு இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம். பட்டியலின் அச்சுப்படியில் அந்தப் பெயர்கள் தெரியா. தரவுக் கோப்பில் இருக்கும்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் பழைய நூல் ஏதும் இருந்தால், அதன் முகப்பையும் பின்பக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதியவரின் பெயரை அவர் எழுதியவாறே எழுதுங்கள்; உங்களுக்குச் சரியென்று படுகிறபடி திருத்த வேண்டாம். எழுதிய உங்கள் பெயரையும் திகதியையும் அடியில் இடுங்கள். எந்த மென்பொருளில் ஏற்றுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மென்பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் எஞ்சியது ஒரு சீ.ஆர். கொப்பி. உம்மா அதை உடுதுணியாக எண்ணியே எடுத்து வந்தார்.